மாடு மேயும் இடம்

குவாஷ் வண்ணத்தில் ஒரு சௌகரியம் உண்டு. தண்ணீரில் குழைத்துத்தான் பூசுகிறோம். ஆனால் சாதாரண நீர்வண்ணம் மாதிரி அது அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு மேகம் வேண்டாமென்று தோன்றினால் அதன் மேல் நீலத்தைப் பூசிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரே நிபந்தனை, ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். இரண்டாம் முறை தூரிகையை ஓட்டினால் அடியில் காய்ந்திருப்பது நனைந்து கலங்கி மேலே வந்துவிடும். இருபது வருடமாக இதே வேலை. ஒரே இழுப்பில் மறைப்பதில் சஹூலியின் கைக்கு ஈடு இந்த நகரத்தில் கிடையாது என்று மற்ற ஓவியர்கள் சொல்வார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இப்போது யாராவது சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

சஹூலி நான்தான். எங்கள் தலைநகரம் அண்டனானரிவோவின் மேட்டுத் தெருக்களில் ஒன்றில், நூற்றெழுபது படி ஏறினால் என் அறை. பெரும்பாலும் பாஸ்டல் கட்டிகளை வைத்து வெங்காயம், மரவள்ளி, லிச்சிக் கொத்து, அடி கருகிய சோற்றுப்பானை என்று வரைந்து விற்றேன். கையும் மூக்கும் எப்போதும் நிறத்தூளாக இருக்கும். நிலக்காட்சி ஏன் வரைவதில்லை என்று கேட்பவர்களிடம், எனக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவைத்திருந்தேன். அது பொய். வெங்காயத்தைப் பார்த்து இது எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்பதில்லை. அதுதான் காரணம்.

எங்கள் மேட்டுநிலத்தில் பெயருக்கு அடுத்த கேள்வியே உங்கள் கல்லறை எந்த ஊர் என்பதுதான். குடியிருக்கும் வீடு வாடகையாக இருக்கலாம், கல்லறை சொந்தமாக இருந்தாக வேண்டும். அது எந்த ஊரில், ஊருக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், உங்கள் கொள்ளுத்தாத்தா ஏவியவரா, ஏவலுக்கு ஓடியவரா என்று எதிராளி மனதுக்குள் முடிவுகட்டிவிடுவார். வடகிழக்கில், மேட்டில், கருங்கல் கல்லறை என்றால் ஆண்ட வீடு. தென்மேற்கில், சரிவின் கீழே என்றால் அவர்களுக்கு அடிமைகளாக இருந்தவர்களின் வீடு. அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டு நூறு வருடத்துக்கும் மேலாகிறது. பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் அந்தச் சட்டம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எங்கள் கல்லறை தென்மேற்கில் இருக்கிறது.

அதுவும் என் அப்பா கட்டியது. அவருக்கு முன்னால் எங்களுக்குக் கல்லறையே கிடையாது, செத்தவர்களை வெறும் மண்ணில் புதைத்தோம். அப்பா ரட்சிம்பா, அம்பத்துமேனா கிராமத்தில் பெரிய வீட்டுக்காரர்களின் வயலை விளைச்சலில் பங்குக்கு உழுகிறவர். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் அதே சேற்றை வெட்டிச் செங்கல் அறுத்தார். எட்டு வருடம் அப்படிச் செங்கல் விற்று சிமெண்ட் வாங்கினார். ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு கல்லறை எழும்பியது. சுவர் பாதி எழுந்திருந்தபோது அம்மா இறந்துபோனாள். நீலம் அடிக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் அப்பா வெளிர்நீலம் அடித்தார். பிறகு எங்கள் வழக்கப்படி அம்மாவை மண்ணிலிருந்து எடுத்து, புதுப் பட்டுத்துணி சுற்றி, மேளத்தோடு தோளில் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தோம். தலைப்பக்கம் தூக்கியது நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊரே ஆடியது, நானும் ஆடினேன்.

நைவு படத்துக்குச் சட்டம் போடுகிறவன். முதல் நாள் நான் ஒரு பாஸ்டல் படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து அழுத்திக் கட்டிக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். அவன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். என் பப்பாளியில் பாதி கண்ணாடியில் இருந்தது.

“இது உன் படமா, கண்ணாடியோட படமா? நடுவுல ஒரு விரக்கடை இடம் விடணும்னு தெரியாது?”

“தெரியும். பஸ்ல இடம் விட்டாங்களா? ஏறி மிதிச்சாங்க.”

“பஸ்காரன் மேல பழி போடாத. பப்பாளி பாவம்.”

அதற்குப் பிறகு ஒரு வருடம் எல்லாப் படத்தையும் அவனிடமே கொண்டுபோனேன். எனக்கு முப்பத்தெட்டு, அவனுக்கு நாற்பத்தொன்று, இரண்டு பேருக்குமே கூச்சப்படுகிற வயது தாண்டிவிட்டது. கல்யாணம் என்று பேச்சு வந்தபோது அவனுடைய அம்மா யூஜெனி என்னைக் காபிக்கு அழைத்தார். கடை அவருடையது. மெலிந்த, அழகான, எதையும் தவறவிடாத கண் உள்ளவர். பீங்கான் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, பூர்வீகத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க நான் தேய்த்து நேராக்கியிருந்த சுருட்டை முடியை ஒரு தடவை பார்த்தார்.

“அம்மா அப்பாவெல்லாம் எந்தப் பக்கம்மா? உங்க கல்லறை எங்க இருக்கு?”

“வடக்கேம்மா. மஹசுவா பக்கம். பழைய கல் கல்லறை. ரோடு அரிச்சுப்போனதால ரொம்ப வருஷமா யாரும் போக முடியல.”

மஹசுவா என்ற ஊரை நான் பார்த்ததுகூட இல்லை. ஒரு வேனின் பலகையில் படித்த பெயர். அந்தப் பொய் ஒரு தடங்கலும் இல்லாமல் வாயிலிருந்து வந்தது. அவர் முகம் மலர்ந்து இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார். அப்பா பிழைப்புக்காக அம்பத்துமேனாவில் குடியேறியதாகவும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். நைவுவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று தள்ளினேன்.

அந்த வருடம் எங்கள் ஓவியர் சங்கம் தேவாலயக் கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தது. நான் வளர்ந்த நிலம் என்று தலைப்பு. ஆளுக்கு ஒரு நிலக்காட்சி கண்டிப்பாக வேண்டும், வெங்காயம் செல்லாது. ஏதாவது ஒரு ஏரியை வரைந்து கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. நன்றாக வரைய வேண்டும், வெங்காயக்காரி என்று சிரித்தவர்கள் வாயடைக்க வேண்டும். நன்றாக வரைவதற்கு எனக்குத் தெரிந்த நிலம் ஒன்றே ஒன்றுதான்.

ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். வெயிலில் காய்ந்து மலையெல்லாம் வைக்கோல் நிறம். வயல்களில் செங்கல் அறுத்த சிவப்புக் குழிகள், அங்கங்கே சூளைப் புகை, நாற்றங்கால் மட்டும் துண்டுதுண்டாகக் கண்ணைப் பறிக்கும் பச்சை. எதிர்மேட்டில் உட்கார்ந்து மூன்று நாள் குவாஷில் வரைந்தேன். மேலே வலது மூலையில் பெரிய வீட்டாரின் கருங்கல் கல்லறை. கீழே இடது பக்கம், கொய்யா மரத்தைத் தாண்டி, எங்களுடையது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெளிர்நீலம். அதை வைத்ததும் படம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அத்தனை சிவப்பும் மஞ்சளும் அந்தச் சின்ன நீலத்துக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பா அப்போது பக்கத்து ஊரில் வேலைக்குப் போயிருந்தார். மாலையில் வந்தவர் படத்தைக் காட்டச் சொன்னார். முடித்துவிட்டுக் காட்டுகிறேன் என்றேன்.

நகரத்துக்குத் திரும்பி ஒரு வாரம் அது என் அறைச் சுவரில் இருந்தது. யூஜெனி அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் நிற்பார் என்று எனக்குத் தெரியும். தென்மேற்குச் சரிவில், சிமெண்டில், நீலம் அடித்த கல்லறை. அதை யார் வீட்டுக் கல்லறை என்று கேட்பார். கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

ஒரு நாள் காலை, பல் தேய்த்த கையோடு, வைக்கோல் நிறத்தைக் குழைத்தேன். வெளிர்நிறம் காய்ந்தால் ஒரு படி கறுக்கும், அதனால் ஒரு படி கூடவே வெளுப்பாகக் குழைத்தேன். தண்ணீர் குறைவு, தூரிகையில் கனமாக எடுத்து ஒரே இழுப்பு. மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. காய்ந்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, விளிம்புகூடத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், வேலை சரியாக அமைந்த திருப்திதான் முதலில் வந்தது.

சட்டம் போடக் கொண்டுபோனபோது நைவு படத்தைத் தள்ளி வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

“நல்லா இருக்கு. ஆனா இந்தப் பக்கம் என்னமோ காணோம். படம் வலது பக்கம் சாயுது.”

“நிலம் அப்படித்தான். சரிவு.”

“சரிவு வேற, சாயறது வேற. இங்க எதையாவது வை. ஒரு மாடு வையேன். மாடு இல்லாத ஊரா?”

“மாடு எதுக்கு இப்ப?”

“சும்மா வை. எங்கம்மாவுக்கு மாடுன்னா பிடிக்கும்.”

கடையிலேயே பையிலிருந்து பாஸ்டல் கட்டிகளை எடுத்தேன். பழுப்பு, வெள்ளை, திமிலுக்கு ஒரு தீற்றல் கருப்பு. என் அம்மா படுத்திருக்கும் இடத்தின் மேல், தலை குனிந்து புல் மேயும் ஒரு மாடு. படம் நிமிர்ந்துவிட்டது. நைவு கைதட்டினான். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஒழுங்காக இடைவெளி விட்டு, தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தான்.

அக்டோபரில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கண்காட்சி திறந்தது. ஜகரண்டா பூ கொட்டி படிக்கட்டெல்லாம் ஊதாவாக இருந்தது. கூடத்தில் நல்ல கூட்டம். யூஜெனி அம்மா வெள்ளை மேல்துணி போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்தபடி ஒவ்வொரு படமாகப் பார்த்துவந்தார். என் படத்தருகே வந்தபோது வாசலில் நைவுவின் குரல் கேட்டது.

“சஹூலி! யாரு வந்திருக்காங்க பாரு!”

அப்பா நின்றுகொண்டிருந்தார். ஊர்ப் பெட்டிக்கடைப் போனில் பிடித்துப் பேசி, என்னிடம் சொல்லாமல் நைவு அவரை வரவழைத்திருக்கிறான். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகத்தான் செய்தான், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்பாவின் தோளில் சலவை செய்த மேல்துணி, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ஒரு கூடை நிலக்கடலை. செருப்பை வழியெல்லாம் கையில் எடுத்து வந்து வாசலில்தான் மாட்டியிருக்க வேண்டும், கால் விரலிடுக்கில் இன்னும் புழுதி இருந்தது. யூஜெனி அம்மா அந்தப் புழுதியைப் பார்த்துவிடுவாரே என்று பயந்தேன். அவரைப் பார்த்து வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

“என்ன தாயி, முழிக்கிற? நாந்தான்.”

“வாங்கப்பா. சொல்லியிருந்தா நான் வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்ல.”

“எனக்கு வழி தெரியாதா? மேல மேல ஏறினா மேட்டுத் தெரு. எங்க, நம்ம ஊரு எங்க?”

யூஜெனி அம்மா மரியாதையாக வணக்கம் சொல்லி வழிவிட்டார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார். பிறகு விரலை நீட்டி ஆரம்பித்தார்.

“இது வாய்க்கால். இங்க பாருங்க, மடை ஒடஞ்சு வாழமட்டைய வச்சு அடைச்சிருந்தேன். அதக்கூட விடல எம்பொண்ணு!”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் நகர்ந்து வந்தார்கள்.

“இது சூளை. பொகை தெக்கால சாயுது, அப்ப இது மத்தியானத்துக்கு மேல. காலைலன்னா நேரா நிக்கும். இது போஸ்ட் மாஸ்டர் வீடு, கூரை போட்டு பத்து வருஷமாச்சு, இன்னும் கடன் அடைக்கல. அந்தாளு இங்க இல்லையே?”

“இல்ல ஐயா, தைரியமா சொல்லுங்க!” என்றார் ஒருவர்.

கூட்டம் பெருகியது. மற்ற படங்களை விட்டுவிட்டு வந்தார்கள். அப்பாவை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. மேலே வலது மூலைக்கு வந்தபோது அவர் குரல் தணிந்தது, நீட்டிய விரல் மடங்கியது. கல்லறையை எங்களில் யாரும் நீட்டிய விரலால் காட்டுவதில்லை. படத்தில் இருந்தாலும் காட்டமாட்டோம். விரலை மடக்கி முட்டியால்தான் காட்டுவோம். தவறி நீட்டிவிட்டால் சிறுபிள்ளைகள்கூடப் பயந்து விரலைக் கடித்துக்கொள்வார்கள்.

“அது பெரிய வீட்டுக்காரங்களோடது” என்றார் அப்பா முட்டியை உயர்த்தி.

யூஜெனி அம்மா தலையசைத்தார். கருங்கல் வேலையை மெச்சினார். அப்பா விரலை மறுபடி நீட்டிக்கொண்டு பாதை வழியாகக் கீழே இறங்கினார்.

“இப்படியே வந்தா களம். களத்தத் தாண்டினா கொய்யா மரம். காய்க்கும், ஆனா புழு. கொய்யா மரத்தத் தாண்டினா...”

விரல் தானாக மடங்கியது. அறுபத்தெட்டு வருடப் பழக்கம், அவரைக் கேட்டுக்கொண்டு மடங்கவில்லை. மடங்கிய முட்டி நேராகப் போய் மாட்டின் மேல் நின்றது.

“இங்க மாடு நிக்குது” என்றார்.

“நல்ல கொழுத்த மாடு ஐயா!”

“யாரு மாடு இது? அங்க யாரும் மாட்ட விடமாட்டாங்களே. வந்தா நானே வெரட்டிடுவேன்.” குனிந்து கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். மாட்டின் காலடியில் தேடினார், பின்னால் தேடினார். கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

“அம்மா எங்க தாயி?”

யூஜெனி அம்மா சிரிக்கவில்லை. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் மடங்கிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஐயா, உங்க ஊர்ல மாட்டுக்குக்கூட விரல மடக்கித்தான் காட்டுவாங்களா?”

பேச்சில் கிண்டல் இருந்தது, ஆனால் கண்ணில் கிண்டல் இல்லை. அப்பா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு நொடியில், என்ன செய்திருக்கிறேன், யாருக்காகச் செய்திருக்கிறேன், இப்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாமே புரிந்துவிட்டது.

“மூட்டு வலிம்மா” என்றார். “செங்கல் அறுத்து அறுத்து விரல் இழுத்துக்குது. மாடுதான், மாடுதான்.”

சொல்லிவிட்டு விரலை நேராக்கினார். இடது கையால் பிடித்து இழுத்து நேராக்கினார். நேரான விரலை என் அம்மாவின் மேல் நீட்டினார். நீட்டியபடியே வைத்திருந்தார், எல்லோரும் நன்றாகப் பார்க்கும்வரை. பிறகு கையை மேல்துணிக்குள் இழுத்துக்கொண்டார்.

“அப்ப உங்க கல்லறை இதுல எது?” என்றார் யூஜெனி அம்மா.

“இதுல வராதும்மா. மலைக்கு அந்தப் பக்கம்.”

“வடக்கே மஹசுவான்னு சஹூலி சொன்னாளே.”

“ஆமா... ஆமாம்மா. வடக்கே. அந்தப் பக்கம்னா வடக்கேதான் சொல்றேன்.”

அப்பாவின் நெற்றி வேர்த்திருந்தது. நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அங்கே இருப்பது என் அம்மா, மேலே மாட்டை வரைந்தது நான். நாக்கின் நுனி வரை வந்ததாக எல்லாம் சொல்லமாட்டேன், வரவில்லை. நான் சொன்னது வேறு.

“அப்பா, காபி குடிக்கிறீங்களா?”

“குடிக்கிறேன் தாயி” என்றார்.

எங்கள் கல்யாணம் நடந்து ஐந்து வருடமாகிறது. அந்தப் படத்தை யூஜெனி அம்மாவே வாங்கித் தன் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. அவருக்குத் தெரியுமா, அன்றைக்கே தெரிந்துவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்லறையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் மாடு உயிரோடு இருக்கிறது என்று புகழ்வார்கள். அப்போது அவர் என் பக்கம் திரும்பாமல் எழுந்து ஏதாவது எடுக்கப் போவார். நான் இப்போது மறுபடியும் வெங்காயம்தான் வரைகிறேன்.

கண்காட்சி திறந்த அன்று பிற்பகல் அப்பாவை வேன் ஏற்றிவிடப் போனேன். நைவுவும் வருகிறேன் என்றான், வேண்டாமென்று தடுத்துவிட்டேன். படிகளில் இறங்கும்போது அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவர் பூக்களில் வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லா மறைச்சிருக்க” என்றார் பாதி வழியில். “அவ்ளோ கிட்டப் போய்ப் பாத்தேன். ஒண்ணுமே தெரியல.”

“அப்பா...”

“குத்திக்காட்டல தாயி. வேலை சுத்தமா இருக்குன்னேன். பையன் நல்ல பையன். அந்தம்மாவும் மரியாதையாத்தான் பேசுனாங்க.”

நிலையத்தில் அவர் ஊர் வேன் பாதி நிறைந்திருந்தது. கூரையில் கோழிக் கூண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, மேல்துணியைச் சரிசெய்து, கொஞ்சம் யோசித்துவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

“நிச்சயத்துக்கு அவங்க வீட்டுப் பெரியவங்க எல்லாம் வருவாங்கல்ல? எல்லார் முன்னாடியும் கேப்பாங்க.”

“கேப்பாங்க.”

“இன்னிக்கு ஒளறிட்டேன். அந்தப் பக்கம்னுட்டேன். நீ ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா உனக்குத்தான் அசிங்கம். என்ன சொல்லணும்னு சொல்லிக்குடு. கத்துக்கறேன்.”

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சமாதானம் சொல்வார், அதையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் அழவில்லை. சொல்லிக்கொடுத்தேன். வடக்கே மஹசுவா. பழைய கல் கல்லறை. ரோடு அரித்துப்போய்விட்டது. நாங்கள் அம்பத்துமேனாவுக்குப் பிழைக்க வந்தவர்கள்.

“வடக்கே மஹசுவா” என்றார் அப்பா. “பழைய சிமெண்ட் கல்லறை...”

“கல்லுப்பா. சிமெண்ட் இல்ல.”

“ஆமா, கல்லு. பழைய கல்லு.” இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். இந்த முறை ஒன்றும் தப்பவில்லை. ஓட்டுநர் ஏறிக் கதவைச் சாத்தினார். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கம்மாவப் பத்திக் கேட்டா? அவளும் அங்கதான் இருக்கான்னு சொல்லிடவா?”

“ஆமாப்பா” என்றேன். “அங்கதான்னு சொல்லிடுங்க.”